வயித்து கேன்சர் ஆபரேஷனும் டியூமர் மார்க்கரும்: திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகள்

நான் ஆஸ்பத்திரி லேப்ல வேலை பாக்குறேன், டியூமர் மார்க்கர் ஓடுற மெஷின் எங்க செக்‌ஷன்லதான் இருக்கு. ரிப்போர்ட் வாங்க வர்றவங்க கவரைப் பிரிச்சு கவுண்டர்லயே நின்னு படிப்பாங்க, நம்பர் தடிச்ச எழுத்துல இருந்தா முகமே மாறிடும், டாக்டரைப் பாக்க இன்னும் நாலு நாள் இருக்கும், அந்த நாலு நாளும் வீட்ல யாருக்கும் தூக்கம் இருக்காது. அப்போ கேக்குற கேள்விங்களை அவங்க கேட்ட வார்த்தையிலயே கீழ போட்டிருக்கேன். நான் டாக்டர் இல்ல. மருந்தை மாத்துறது நிறுத்துறது எதையும் இதை வச்சு முடிவு பண்ணாதீங்க, அடுத்த தடவை டாக்டர் முன்னாடி உக்காரும்போது என்ன கேக்கணும்னு தெரிஞ்சு போங்க, அதுக்குத்தான் இது.

டியூமர் மார்க்கர்னா என்னங்க? கேன்சர் இருக்கா இல்லையான்னு சொல்ற டெஸ்டா?

இல்லங்க. கேன்சர் செல் ரத்தத்துல விடுற சில புரதம், சர்க்கரை சேர்ந்த பொருள், இதையெல்லாம் அளந்து பாக்குறதுதான் ரத்த மார்க்கர். வயித்து கேன்சருக்கு, அதாவது இரைப்பையில வர்ற கேன்சருக்கு, வழக்கமா பாக்குறது சிஇஏ, சிஏ 19-9, சில இடத்துல சிஏ 72-4. சிஇஏ 5 நானோகிராமுக்குள்ள, சிஏ 19-9 37 யூனிட்டுக்குள்ள இருந்தா பெரும்பாலான லேப்ல நார்மல்னு போடுவாங்க. சிஇஏவை 1965ல கனடாவுல மான்ட்ரியல்ல பில் கோல்ட், சாமுவேல் ஃப்ரீட்மன்னு ரெண்டு பேர் கண்டுபிடிச்சாங்க, அப்போ குடல் கேன்சரை ரத்தத்துலயே கண்டுபிடிச்சிடலாம்னு பெரிய நம்பிக்கை இருந்துச்சு. அப்புறம் பாத்தா கேன்சர் இல்லாதவங்களுக்கும் ஏறுது, கேன்சர் இருக்கிறவங்களுக்கும் ஏறாம இருக்குது. அதனால வயித்து கேன்சரை உறுதி பண்ண இன்னைக்கும் எண்டோஸ்கோப்பியும் பயாப்ஸியும்தான், ரத்த டெஸ்ட் கிடையாது.

மாஸ்டர் ஹெல்த் செக்கப் பேக்கேஜ்ல இதைச் சேர்த்து விக்கிறாங்க. எந்தத் தொந்தரவும் இல்லாத ஆளுக்கு இதால பிரயோஜனம் ரொம்ப கம்மி, வீண் பயம்தான் மிச்சம்.

எங்க அப்பாவுக்கு ஆபரேஷனுக்கு முன்னாடி சிஇஏ 2.3 தான் இருந்துச்சு, நார்மல். அப்புறம் எப்படி கேன்சர்னு சொல்றாங்க?

பயாப்ஸில கேன்சர்னு வந்திருந்தா கேன்சர்தான், மார்க்கர் நார்மலா இருந்ததால அது மாறிடாது. 2014ல ஜப்பான்காரங்க பழைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்து பாத்தாங்க, வயித்து கேன்சர் உள்ளவங்கள்ல சிஇஏ ஏறியிருந்தது சுமார் 21 சதவீதம் பேருக்கு, சிஏ 19-9 சுமார் 28 சதவீதம், சிஏ 72-4 சுமார் 30 சதவீதம். அதாவது மூணையும் தனித்தனியா பாத்தா பெரும்பாலானவங்களுக்கு நார்மலாத்தான் இருக்கும், ஆரம்ப ஸ்டேஜ்ல இன்னும் கம்மி.

இன்னொரு விஷயம், சிஏ 19-9 உருவாகணும்னா லூயிஸ்னு ஒரு ரத்தப் பிரிவு சம்பந்தப்பட்ட என்சைம் உடம்புல இருக்கணும். 5லேர்ந்து 10 சதவீதம் பேருக்கு அது பிறவியிலயே கிடையாது. அவங்களுக்கு கேன்சர் எவ்வளவு பரவினாலும் சிஏ 19-9 ஏறவே ஏறாது, ரிப்போர்ட்ல எப்பவும் 2க்குக் கீழன்னே வந்துட்டு இருக்கும். அப்படி வர்றவங்க அந்த டெஸ்டுக்கு மாசாமாசம் காசு கட்டணுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

ஆபரேஷனுக்கு முன்னாடி சிஇஏ 40 இருந்துச்சு. இன்னும் எத்தனை வருஷம் இருப்பாருன்னு இதை வச்சு சொல்ல முடியுமா?

முடியாதுங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி மார்க்கர் ஏறி இருந்தவங்களுக்கு, மொத்தமா ஒரு கூட்டமா பாத்தா, திரும்ப வர்ற வாய்ப்பு கொஞ்சம் ஜாஸ்திங்கிறது உண்மைதான், பல ஆய்வுல அப்படித்தான் வந்திருக்கு. ஆனா அதுல பெரும்பகுதி காரணம், நோய் ஆழமாப் போனவங்களுக்குத்தான் மார்க்கரும் ஏறும். அதனால உங்க கையில இருக்க வேண்டிய பேப்பர் மார்க்கர் ரிப்போர்ட் இல்ல, ஆபரேஷன்ல எடுத்ததை மைக்ரோஸ்கோப்ல பாத்து எழுதி, பத்து பதினஞ்சு நாள்ல வர்ற பேத்தாலஜி ரிப்போர்ட். நிறைய பேர் அதை ஃபைல்ல எங்கயோ அடில சொருகி வச்சிருக்காங்க, எடுத்து பாருங்க.

அதுல உதாரணத்துக்கு டி3, என்1, நோடு 2/28, மார்ஜின் ஃப்ரீன்னு இருக்குன்னு வைங்க. டிங்கிறது எவ்வளவு ஆழம்: டி1 உள்தோல், அதுக்கடுத்த அடுக்கு வரைக்கும், டி2 தசை வரைக்கும், டி3 தசையைத் தாண்டி, டி4ஏ வெளிச்சவ்வைத் துளைச்சு வெளிய வந்தது, டி4பி பக்கத்து உறுப்பைத் தொட்டது. 2/28ன்னா 28 நெறிக்கட்டு எடுத்துப் பாத்ததுல 2ல கேன்சர் இருந்துச்சு. ஒண்ணு ரெண்டு இருந்தா என்1, 3லேர்ந்து 6 வரைக்கும் என்2, 7லேர்ந்து என்3. அந்த ரெண்டாவது நம்பரும் முக்கியம், குறைஞ்சது 16 நோடாவது எடுத்துப் பாத்திருக்கணும்னு சொல்லுவாங்க, வெறும் 6 நோடு பாத்து 0/6ன்னு வந்தா அந்த பூஜ்யத்தை முழுசா நம்ப முடியாது. மார்ஜின் ஃப்ரீன்னா வெட்டுன ஓரத்துல கேன்சர் செல் இல்ல. ஆபரேஷனுக்கு அப்புறம் எப்படி இருப்பாங்கங்கிறதைச் சொல்றதுல இந்த மூணு விஷயத்துக்கும் இருக்கிற பலம் எந்த ரத்த மார்க்கருக்கும் இல்ல.

டாக்டர் 5 வருஷ சர்வைவல் 54 சதவீதம்னு சொன்னாரு. அப்படின்னா 5 வருஷம்தான் இருப்பாங்களா?

இதைத் தப்பா புரிஞ்சுகிட்டு அழுதவங்க நிறைய பேர். 5 வருஷ சர்வைவல்ங்கிறது ஆயுள் கணக்கு இல்ல. அதே ஸ்டேஜ்ல ஆபரேஷன் பண்ணிகிட்ட நூறு பேரை எடுத்தா 5 வருஷம் கழிச்சு எத்தனை பேர் உயிரோட இருக்காங்கங்கிறதுதான். அந்த 54 பேர்ல பலர் அதுக்கப்புறமும் வருஷக்கணக்கா இருப்பாங்க. 5 வருஷம்னு வச்சதுக்குக் காரணம், வயித்து கேன்சர் திரும்ப வர்றதா இருந்தா பெரும்பாலும் முதல் ரெண்டு மூணு வருஷத்துக்குள்ளயே வந்துடும்.

இப்போ உலகம் பூரா பயன்படுத்துற ஸ்டேஜ் முறைல, ஸ்டேஜ் 1ஏக்கு சுமார் 94 சதவீதம், 2பிக்கு 68, 3ஏக்கு 54, 3சிக்கு 18ன்னு இருக்கும். ஆனா அந்தக் கணக்குல இருக்கிற ஆளுங்க பெரும்பாலும் ஜப்பான், கொரியாக்காரங்க, அங்க ஆபரேஷன் தரம் ரொம்ப ஒசத்தி. உங்க டாக்டர் அதை அப்படியே சொல்றாரா, இங்க அவர் பாக்குற பேஷன்ட்டுகளை வச்சு சொல்றாரான்னு கேட்டுக்கங்க.

ஆபரேஷன் முடிஞ்சு அஞ்சு நாள்தான் ஆச்சு, சிஇஏ இன்னும் 18 இருக்கு. கட்டியை முழுசா எடுக்கலையா?

அஞ்சாவது நாள் பாத்ததே தேவையில்லாதது. கட்டியை எடுத்தாலும் ரத்தத்துல ஏற்கனவே சுத்திட்டு இருக்கிற சிஇஏ உடனே காணாமப் போகாது, பாதியாக் குறையவே பல நாள் ஆகும். 40 இருந்தது 20 ஆகி, 10 ஆகி, நார்மலுக்கு வர சில வாரம் வேணும். அதனால 4லேர்ந்து 6 வாரம் கழிச்சு பாத்தாதான் அர்த்தம். அந்த நம்பரைப் பத்திரமா வைங்க, இனி வர்ற எல்லா ரிப்போர்ட்டையும் அதோடதான் ஒப்பிடணும்.

முன்னாடி ஏறி இருந்து, ஆறு வாரம் கழிச்சும் நார்மலுக்கு வரலைன்னா அது கவனிக்க வேண்டிய விஷயம். எங்கயோ மிச்சம் இருக்கலாம்னு டாக்டருங்க ஸ்கேனை சீக்கிரமா எடுப்பாங்க. நார்மலுக்கு வந்துடுச்சுன்னா நல்ல சேதி, அதுல சந்தேகமே இல்ல.

மூணு மாசத்துக்கு ஒருக்கா மார்க்கர் எடுக்கணுமா? இன்னொரு டாக்டர் தேவையே இல்லன்றாரு, யாரை நம்புறது?

ரெண்டு பேரும் சரியாத்தான் சொல்றாங்க, அவங்க பின்பற்றுற வழிமுறை வேற வேற. ஜப்பான் வழிமுறைல ஆபரேஷனுக்கு அப்புறம் பாக்குற டெஸ்டுல சிஇஏ, சிஏ 19-9 ரெண்டும் இருக்கு. மேற்கத்திய நாட்டு வழிமுறைங்கள்ல இதை வழக்கமா எடுக்கணும்னு சொல்லல, ஏன்னா திரும்ப வந்ததை மார்க்கர் மூலமா சில மாசம் முன்கூட்டியே கண்டுபிடிச்சதால ஆயுள் கூடுச்சுன்னு நிரூபணம் இல்ல.

என் அபிப்ராயம் கேட்டா, ஆபரேஷனுக்கு முன்னாடி ஏறி இருந்து அப்புறம் இறங்கினவங்களுக்கு அந்த மார்க்கர் உபயோகமானது, அவங்க கட்டி அதை விடுதுன்னு தெரிஞ்சு போச்சு இல்லையா. முதல்லேர்ந்தே நார்மலா இருந்தவங்களுக்கு அந்த அளவு பலன் இல்ல, ஆனா அவங்களுக்கும் திரும்ப வரும்போது சில சமயம் ஏறும். உங்க டாக்டர் ஒரு முறை வச்சிருந்தா அதுலயே போங்க, ரெண்டு டாக்டர் பேச்சையும் கலந்து நீங்களா மாசாமாசம் எடுக்காதீங்க.

போன தடவை சிஏ 19-9 21, இந்தத் தடவை 68. திரும்ப வந்துடுச்சா மேடம்?

கவுண்டர்ல அதிகமா கேக்குற கேள்வி இதுதான். ஒரு தடவை ஏறினதை வச்சு யாரும் திரும்ப வந்துடுச்சுன்னு சொல்ல மாட்டாங்க, சொல்லவும் கூடாது. சிஏ 19-9 பித்தநீர் வழியா வெளிய போற பொருள், பித்தக்குழாய்ல அடைப்போ கிருமியோ இருந்தா அது ரத்தத்துலயே தேங்கி ஏறும், சில சமயம் நூத்துக்கணக்குல கூட. வயித்தை எடுக்கும்போது பித்தப்பைக்குப் போற நரம்புக்கிளையும் அறுபடுறதால, இந்த ஆபரேஷன் பண்ணவங்களுக்கு பித்தப்பைக் கல் மத்தவங்களை விட அதிகமா வரும். அதனால கண் மஞ்சளா இருக்கா, வலது பக்க வலி, காய்ச்சல் இருக்கான்னு பாப்பாங்க, லிவர் டெஸ்டும் அல்ட்ராசவுண்டும் எடுப்பாங்க. கணைய வீக்கம், கட்டுப்பாடு இல்லாத சர்க்கரை, இதுலயும் ஏறும். சிஇஏவா இருந்தா பீடி சிகரெட் பழக்கம், லிவர் கோளாறு இதெல்லாம் காரணமா இருக்கலாம்.

டாக்டர் வழக்கமா மூணு நாலு வாரம் கழிச்சு இன்னொரு தடவை எடுக்கச் சொல்லுவாரு. 21, 68, அப்புறம் 30ன்னு இறங்கினா நிம்மதி. 21, 68, 140ன்னு ஒவ்வொரு தடவையும் ஏறிட்டே போனா ஸ்கேன் எடுக்கணும். போக்குதான் பேசும், ஒத்தை நம்பர் பேசாது.

அந்த லேப்ல 6.1ன்னு வந்துச்சு, இந்த லேப்ல 4.4. எது சரி?

ரெண்டுமே சரியா இருக்கலாம். ஒவ்வொரு கம்பெனி மெஷினும் அதே பொருளைப் பிடிக்க வேற வேற ஆன்டிபாடி வச்சிருக்கும், அதனால அளவும் மாறும், குறிப்பா சிஏ 19-9ல இந்த வித்தியாசம் ரொம்பவே அதிகம். ரெண்டு கடைத் தராசுல நிறுத்துப் பாத்துட்டு எடை கூடிடுச்சுன்னு சொல்ற மாதிரிதான். முடிஞ்ச வரைக்கும் ஒரே லேப்ல எடுங்க, ரிப்போர்ட் அடில மெதட்னு ஒரு வரி சின்ன எழுத்துல இருக்கும், அது மாறியிருக்கான்னும் பாருங்க, ஏன்னா அதே லேப்ல மெஷினை மாத்தினாலும் நம்பர் தாவும்.

எங்க அம்மா முடி கொட்டுதுன்னு மாத்திரை சாப்பிடுறாங்க, அதை லேப்ல சொல்லணுமா?

கட்டாயம் சொல்லணும், இதைக் கேட்டதுக்கே உங்களுக்கு நன்றி சொல்லணும். கீமோவுல முடி கொட்டுனதும் நிறைய பேர் பயோட்டின் மாத்திரை, 5 மில்லிகிராம் 10 மில்லிகிராம்னு தாங்களாவே வாங்கிப் போடுறாங்க. பல மெஷின்ல டெஸ்ட் நடக்குற முறையே பயோட்டினை வச்சுத்தான், ரத்தத்துல அது அதிகமா இருந்தா சிஇஏ மாதிரி டெஸ்ட் உண்மையை விட கம்மியா காட்டிடும். ஏறியிருக்கிறது நார்மல்னு வந்தா அது ஆபத்து இல்லையா. 2017லயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதுக்கு எச்சரிக்கை விட்டிருக்கு. ரத்தம் கொடுக்குறதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே நிறுத்தலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, லேப்லயும் சொல்லிடுங்க.

பேத்தாலஜி ரிப்போர்ட்ல ஹெர்2, எம்எஸ்ஐ, பிடி-எல்1னு ஏதேதோ இருக்கே, இதுவும் மார்க்கர்தானா?

ஆமா, ஆனா வேற ஜாதி. இதுவரைக்கும் பேசினது ரத்தத்துல பாக்குறது, ஏறும் இறங்கும். இது கட்டித் துண்டுலயே சாயம் போட்டுப் பாக்குறது, அந்தக் கட்டி எப்படிப்பட்டது, எந்த மருந்துக்குக் கட்டுப்படும்னு சொல்றது. 2014ல அமெரிக்காவுல 295 வயித்துக் கட்டிகளோட மரபணுவை அலசி நாலு வகையாப் பிரிச்சாங்க: எப்ஸ்டீன்-பார் வைரஸ் உள்ளது சுமார் 9 சதவீதம், எம்எஸ்ஐ வகை 22, குரோமோசோம் நிலையில்லாதது 50, மீதி மரபணு மாற்றம் கம்மியான வகை, அதுல சிக்னெட் ரிங் (மைக்ரோஸ்கோப்ல முத்திரை மோதிரம் மாதிரி தெரியுற செல்) மாதிரியானவை அதிகம். வெளிய பாக்க எல்லாம் வயித்து கேன்சர்தான், உள்ள நாலும் நாலு மாதிரி நடந்துக்கும்.

ஹெர்2 3+னு வந்திருக்கு. இது நல்லதா கெட்டதா?

ஹெர்2ங்கிறது செல்லை வளரச் சொல்ற ஒரு புரதம், வயித்து கேன்சர்ல சுமார் 15லேர்ந்து 20 சதவீதம் பேருக்கு அது பாசிட்டிவ். 3+னா நேரடியா பாசிட்டிவ், 2+னா ஃபிஷ்னு இன்னொரு டெஸ்ட் பண்ணித்தான் முடிவு சொல்லுவாங்க, 0, 1+ ரெண்டும் நெகட்டிவ். ஒரே கட்டில ஒரு பக்கம் பாசிட்டிவா இன்னொரு பக்கம் நெகட்டிவா இருக்கிறது வயித்து கேன்சர்ல சகஜம், அதனால சின்ன பயாப்ஸில நெகட்டிவ்னு வந்தது ஆபரேஷன் கட்டில பாசிட்டிவ்னு மாறினா லேப் தப்புன்னு சண்டை போடாதீங்க.

நல்லதா கெட்டதான்னா, அதுக்குன்னே மருந்து இருக்குங்கிறதுதான் இதோட அர்த்தம். பரவின நிலையில இருக்கிறவங்களுக்கு கீமோவோட டிராஸ்டுஸுமாப்ங்கிற அந்த ஊசியைச் சேர்த்துக் கொடுத்தா சராசரி ஆயுள் 11.1 மாசத்துலேர்ந்து 13.8 மாசமா கூடுச்சுன்னு டோகா ஆய்வு 2010ல காட்டுச்சு. இந்தியாவுல 2014லேர்ந்து அதோட பயோசிமிலர், அதாவது அதே மாதிரி வேற கம்பெனி பண்ற மருந்து, கிடைக்குது, செலவும் முன்ன மாதிரி இல்ல. ஆனா கட்டியை முழுசா எடுத்தாச்சு, பரவல் எதுவும் இல்லன்னா, ஹெர்2 பாசிட்டிவ்னாலும் இந்த ஊசி இன்னைக்கு வழக்கமான சிகிச்சை கிடையாது. பக்கத்து பெட்காரருக்குப் போடுறாங்க எங்களுக்கு ஏன் போடலன்னு கேக்குறவங்களுக்கு பதில் இதுதான்.

எம்எஸ்ஐ-ஹைன்னு வந்துச்சு, டாக்டர் ஆபரேஷனுக்கு அப்புறம் கீமோ வேண்டாம்னு யோசிக்கிறாரு. காசில்லன்னு நினைச்சு விடுறாங்களோன்னு பயமா இருக்கு.

பயப்படாதீங்க, அவர் நல்லா யோசிக்கிறாருன்னு அர்த்தம். எம்எஸ்ஐ-ஹைன்னா அந்தக் கட்டில டிஎன்ஏ பிழை திருத்துற வேலை கெட்டுப் போயிருக்கு, ரிப்போர்ட்ல எம்எல்ஹெச்1, பிஎம்எஸ்2 லாஸ்னு எழுதியிருந்தாலும் இதே விஷயம்தான். பிழை அதிகமா இருக்கிறதால உடம்போட எதிர்ப்பு சக்தி அந்தக் கட்டியை அந்நியன்னு சீக்கிரமா அடையாளம் கண்டுக்குது. 2019ல நாலு பெரிய ஆய்வுல இருந்த 1,556 பேரோட கணக்கைச் சேர்த்துப் பாத்தாங்க. எம்எஸ்ஐ-ஹை உள்ளவங்க 77.5 சதவீதம் பேர் 5 வருஷம் தாண்டினாங்க, மத்தவங்க 59.3 சதவீதம். அதுலயும் எம்எஸ்ஐ-ஹை ஆளுங்களுக்கு கீமோ கொடுத்ததால கூடுதல் பலன் தெரியல, வெறும் ஆபரேஷன் பண்ணவங்களே நல்லா இருந்தாங்க. அந்த எம்எஸ்ஐ-ஹை ஆளுங்க 121 பேர்தான், சின்னக் கூட்டம், அதனால எல்லா டாக்டரும் ஒரே மாதிரி முடிவு எடுக்க மாட்டாங்க.

இந்த வகைக்கு இம்யூனோதெரபி, அதாவது உடம்போட எதிர்ப்பு சக்தியைத் தூண்டி விடுற மருந்து, நல்லா கேக்குது. ஃப்ரான்ஸ்ல ஆபரேஷனுக்கு முன்னாடி ரெண்டு இம்யூனோதெரபி மருந்து கொடுத்துப் பாத்தாங்க, ஆபரேஷன் ஆன 29 பேர்ல 17 பேருக்கு எடுத்த வயித்துல கேன்சர் செல்லே இல்ல. அதனாலதான் எம்எஸ்ஐ டெஸ்டை ஆபரேஷனுக்கு முன்னாடியே பயாப்ஸிலயே பண்ணிடுங்கன்னு கேளுங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்றேன். இந்தப் பக்கத்துலேர்ந்து ஒரே ஒரு விஷயம் ஞாபகம் வச்சுக்கணும்னா அது இதுவா இருக்கட்டும். குடும்பத்துல குடல், கர்ப்பப்பை கேன்சர் வேற யாருக்காவது இருந்தா லின்ச் சின்ட்ரோம்ங்கிற பரம்பரைக் கோளாறான்னும் பாக்கச் சொல்லுங்க.

பிடி-எல்1 சிபிஎஸ் 5, க்ளாடின் பாசிட்டிவ், இதெல்லாம்?

இது ரெண்டும் கட்டில பாக்குற புரதம், முக்கியமா பரவின நோய்க்கு மருந்து தேர்ந்தெடுக்கத்தான். பிடி-எல்1 எவ்வளவு இருக்குன்னு சொல்ற நம்பர்தான் சிபிஎஸ். சிபிஎஸ் 5ஓ அதுக்கு மேலயோ இருந்தா கீமோவோட நிவோலுமாப்ங்கிற இம்யூனோதெரபி மருந்தைச் சேர்க்கிறதுல பலன் தெளிவா இருக்கு. க்ளாடின் 18.2 பாசிட்டிவா, ஹெர்2 நெகட்டிவா இருந்தா ஸோல்பெடுக்ஸிமாப்னு ஒரு மருந்து. ஆபரேஷன் கட்டத்துல புதுசா நடக்குறது, ஃப்ளாட்னு சொல்ற கீமோ முறையோட டுர்வாலுமாப்ங்கிற இம்யூனோதெரபி மருந்தைச் சேர்த்து ஆபரேஷனுக்கு முன்னயும் பின்னயும் கொடுக்குறது. ரெண்டு வருஷத்துல நோய் திரும்பாம, மோசமாகாம இருந்தவங்க 58.5 சதவீதத்துலேர்ந்து 67.4 சதவீதமா கூடினாங்கன்னு 2025ல வந்துச்சு. விலை நம்ம ஆளுங்களுக்கு எட்டாத உயரம், அதை மறைக்க விரும்பல.

ஆபரேஷனுக்கு முன்னாடி நாலு கீமோ கொடுத்தாங்க, சிஇஏ 40லேர்ந்து 3க்கு வந்துடுச்சு. இனி ஆபரேஷன் எதுக்கு? வீட்ல எல்லாரும் வேண்டாம்னு சொல்றாங்க.

தயவு செஞ்சு அப்படி முடிவு எடுத்துடாதீங்க. மார்க்கர் இறங்கினது கீமோ வேலை செய்யுதுன்னு காட்டுது, நல்ல அறிகுறிதான். ஆனா மார்க்கர் நார்மலா இருக்கும்போதே கேன்சர் இருக்க முடியும்னு ரெண்டாவது கேள்வில பாத்தோம், இங்கயும் அதேதான். குணமாக்குறது ஆபரேஷன், கீமோ அதுக்குத் துணை. நாலு தடவை முன்னாடி, நாலு தடவை பின்னாடி கொடுக்குற ஃப்ளாட் முறைல சராசரி ஆயுள் 50 மாசம், பழைய கீமோல 35ன்னு 2019ல வந்த முடிவு, ரெண்டு கூட்டத்துக்கும் ஆபரேஷனைச் சேர்த்துத்தான் கணக்கு. கட்டி சுருங்கி இருக்கிற இந்த நேரத்தை விட்டுட்டா அப்புறம் ஆபரேஷனே பண்ண முடியாத நிலை வரலாம்.

இதுக்கு நேர்மாறாவும் ஒண்ணு நடக்கும், கீமோ ஆரம்பிச்ச முதல் சில வாரத்துல செல் செத்து உடையுறதால சிலருக்கு மார்க்கர் ஏறி அப்புறம் இறங்கும். அதைப் பாத்துட்டு கீமோவை நிறுத்தச் சொல்லாதீங்க.

சிக்னெட் ரிங் செல்னு போட்டிருக்கு. வயசு 36தான். பிள்ளைங்களுக்கும் வருமா?

பெரும்பாலும் வராது. ஆனா சின்ன வயசுல இந்த வகை வந்திருந்தாலோ, குடும்பத்துல ரெண்டு பேருக்கு இருந்தாலோ சிடிஹெச்1னு ஒரு மரபணுவைப் பாக்கச் சொல்லுவாங்க. 1998ல நியூசிலாந்துல ஒரு மாவோரி குடும்பத்துல தலைமுறை தலைமுறையா இளவயசுலயே வயித்து கேன்சர் வந்துட்டு இருந்ததை ஆராய்ஞ்சப்போதான் இந்த மரபணு தெரிய வந்துச்சு. அந்த மரபணுல கோளாறான மாற்றம் உறுதியா இருக்கிறவங்களுக்கு நோய் வர்றதுக்கு முன்னாடியே வயித்தை எடுத்துடலாமான்னு கூட பேசுவாங்க. பெரிய முடிவு, மரபணு ஆலோசகர் இருக்கிற ஆஸ்பத்திரில நிதானமா பேசித்தான் எடுக்கணும், அந்த மாற்றம் இருக்கிற பெண்களுக்கு மார்பக கேன்சர் வாய்ப்பும் இருக்கிறதால அதையும் கேட்டுக்கணும்.

சிஇஏ மூணு தடவையா ஏறிட்டே இருக்கு, ஆனா பெட் ஸ்கேன் கிளீன்னு வந்துடுச்சு. எதை நம்புறது?

உண்மையிலயே கஷ்டமான நிலைமை, டாக்டருங்களுக்கும்தான். பெட் ஸ்கேன் சர்க்கரையை அதிகமா உறிஞ்சுற செல்லைத்தான் காட்டும், சிக்னெட் ரிங் வகை சர்க்கரையை அதிகமா இழுக்காது, அதனால பெட்ல தெரியாமப் போகலாம். அதே மாதிரி வயித்துக்குள்ள உறுப்புங்களை மூடியிருக்கிற சவ்வுல மணல் தூவின மாதிரி சின்னச் சின்னதா பரவினா எந்த ஸ்கேன்லயும் ஆரம்பத்துல சிக்காது. அங்க பரவுறப்போ சிஏ 125 ஏறுறது உண்டு, அதனால அதையும் எடுத்துப் பாப்பாங்க. தேவைப்பட்டா சின்ன ஓட்டை போட்டு லேப்ராஸ்கோப்பில நேரடியா பாத்து, கழுவின தண்ணில கேன்சர் செல் இருக்கான்னு டெஸ்ட் பண்ணுவாங்க.

எல்லாத்தையும் பாத்தும் ஒண்ணும் கிடைக்கலைன்னா ஆறு எட்டு வாரம் கழிச்சு மறுபடி ஸ்கேன் எடுக்கிறதுதான் வழி. மார்க்கர் மட்டும் ஏறினதுக்காக கீமோ ஆரம்பிக்கிறது வழக்கம் இல்ல. அந்தக் காத்திருப்பு எவ்வளவு கொடுமைன்னு கவுண்டர்ல நின்னு பாத்திருக்கேன். ஆனா எந்த இடத்துல இருக்குன்னு தெரியாம மருந்து கொடுத்தா அது வேலை செய்யுதான்னு கூட அளக்க முடியாது.

ரத்தத்துல டிஎன்ஏ பாக்குற புது டெஸ்ட் இருக்காமே, கடன் வாங்கியாவது எடுக்கலாமா?

சிடிடிஎன்ஏ டெஸ்டைச் சொல்றீங்க, கட்டிலேர்ந்து ரத்தத்துல கலக்குற டிஎன்ஏ துண்டுகளைத் தேடுறது. ஆபரேஷனுக்கு அப்புறம் அது பாசிட்டிவா இருந்தா நோய் திரும்ப வர்ற வாய்ப்பு ரொம்ப அதிகம்னு ஆய்வுங்க காட்டுது, சிஇஏவை விட கூர்மையானதுதான். ஆனா வயித்து கேன்சர்ல அதைப் பாத்து சிகிச்சையை மாத்தினா ஆயுள் கூடுதான்னு இன்னும் நிரூபணம் ஆகல, நெகட்டிவ்னு வந்தாலும் கீமோவை விட முடியாது. கடன் வாங்கி எடுக்காதீங்க. அந்தக் காசு சாப்பாட்டுக்கும் கீமோவை முழுசா முடிக்கவும் ஆகட்டும். டி2 ஆபரேஷனுக்கு (வயித்தைச் சுத்தி இருக்கிற நெறிக்கட்டுகளையும் சேர்த்து எடுக்கிறது, ஆழத்தைச் சொல்ற டி2 இல்ல) அப்புறம் ஆறு மாசம் கீமோ கொடுத்ததுல 5 வருஷ சர்வைவல் 69லேர்ந்து 78 சதவீதமா கூடினது கொரியா, சீனா, தைவான் சேர்ந்து நடத்தின ஆய்வுல வந்த பலன், கையில இருக்கிற பலன்.

மார்க்கர் எல்லாம் நார்மல், ஆனா எங்க வீட்டுக்காரர் எடை இறங்கிட்டே போகுது, 12 கிலோ போயிடுச்சு. மறைஞ்சு இருக்கோ?

வயித்தை எடுத்தவங்களுக்கு முதல் ஆறு மாசம் ஒரு வருஷத்துல எடை நல்லாவே இறங்கும், பெரும்பாலும் சாப்பாடு போதாததுதான் காரணம். ஒரு நாளைக்கு மூணு வேளைங்கிறதை மறந்துடுங்க, ஆறு ஏழு தடவை கொஞ்சம் கொஞ்சமா, முட்டை, மீன், பருப்பு, தயிர்னு புரதம் உள்ளதா. சாப்பாட்டோட தண்ணி குடிக்க வேண்டாம், அரை மணி தள்ளி குடிக்கட்டும். சர்க்கரை போட்ட காபி, கஞ்சில வெல்லம் இதெல்லாம் சாப்பிட்ட உடனே படபடப்பு, வேர்வை, பேதின்னு வந்தா டம்ப்பிங், இனிப்பைக் குறைச்சா அடங்கும். ரத்தத்துல இருக்கிற ஆல்புமின்ங்கிற புரதத்தோட நம்பரையும் பாருங்க, உடம்புல சத்து, சதை குறைஞ்சவங்க கீமோவை பாதியில விட்டுடுறாங்க, அது நேரா ஆயுளைத்தான் பாதிக்கும். நான் பாத்த வரைக்கும் சிஇஏவுக்குக் கொடுக்குற கவனத்துல பாதி கூட ஆல்புமினுக்கு யாரும் கொடுக்கிறதில்ல.

வாந்தி, வயிறு உப்பி வர்றது, முழுங்க முடியாம போறது, ஒரு வருஷம் கழிச்சும் எடை இறங்கிட்டே போறது, இதுல எது இருந்தாலும் மார்க்கர் நார்மல்னு சும்மா இருக்காம உடனே டாக்டர்கிட்ட போங்க.

கொரியாவுல முக்கால்வாசி பேர் பொழைக்கிறாங்களாம், நமக்கு ஏன் அப்படி இல்ல?

அவங்க மார்க்கர் டெஸ்டால பொழைக்கல, எண்டோஸ்கோப்பியால பொழைக்கிறாங்க. கொரியாவுல 1999லேர்ந்து அரசாங்கமே கேன்சர் பரிசோதனைத் திட்டம் நடத்துது, வயித்து கேன்சருக்கு 40 வயசு தாண்டினவங்களுக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா. டி1லயே பிடிச்சிடுறாங்க. சென்னைல ஆம்பளைங்களுக்கு வர்ற கேன்சர்ல வயித்து கேன்சர் பல வருஷமா முன்வரிசைல இருக்கு, ஆனா இங்க கேஸ், அல்சர்னு மாத்திரை வாங்கிப் போட்டு மாசக்கணக்கா தள்ளிட்டு டி3, டி4ல வர்றாங்க.

அஞ்சு வருஷம் முடிஞ்சுது, எல்லாம் நார்மல். இனி ரத்த டெஸ்டே வேண்டாமா?

மார்க்கரை நிறுத்திடலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, பலர் சரின்னுதான் சொல்லுவாங்க. ஆனா பி12, இரும்புச்சத்து, ஹீமோகுளோபின் டெஸ்ட் ஆயுசுக்கும் உண்டு. முழு வயித்தையும் எடுத்தவங்களுக்கு சாப்பாட்டுலேர்ந்து பி12 சரியா ஏறாது, லிவர்ல இருக்கிற சேமிப்பு ரெண்டு மூணு வருஷம் தாங்கும், அப்புறம்தான் கால் மரத்துப் போறது, மறதி, ரத்தசோகைன்னு வரும், அதுக்குள்ள ஆஸ்பத்திரிக்கு வர்றதே நின்னு போயிருக்கும். பி12 ஊசியை விட்டுடாதீங்க. பாதி வயிறு மிச்சம் இருக்கிறவங்க ஹெச் பைலோரி கிருமி இருக்கான்னு பாத்து மருந்து எடுத்துக்கணும், மிச்ச வயித்துலயும் புதுசா கேன்சர் வரலாங்கிறதால எண்டோஸ்கோப்பி எத்தனை வருஷத்துக்கு ஒருக்கான்னு கேட்டு ஃபைல் அட்டையிலயே தேதி எழுதி வைங்க.